ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சரக்கு ஏற்றுமதி: விமானமா, கப்பலா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்ப்பது என் வேலை. சொந்த ஊர் கீழக்கரைப் பக்கம் என்பதால் ஊரிலிருந்து போன் வராத நாள் குறைவு. குண்டு மிளகாய் வைத்திருப்பவர், நண்டுக் கம்பெனிக்குச் சரக்கு எடுத்துக் கொடுப்பவர், ஓலைப் பெட்டி பின்னும் மகளிர் குழுவினர் என்று கேட்பவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். பதிலில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் உதாரணத்துக்காக. கட்டணம் வாரத்துக்கு வாரம் மாறும்.

நம்ம சரக்கை பிளேன்ல அனுப்புறதா, கப்பல்லயா? எதை வச்சு முடிவு பண்றது?

இரண்டு விஷயம் பார்த்தால் போதும். சரக்கு எத்தனை நாள் தாங்கும், ஒரு கிலோ என்ன விலை போகும். உயிரோடு போகும் களி நண்டுக்கு விமானத்தை விட்டால் வழியில்லை. உறைய வைத்த கணவாய் மாதக்கணக்கில் தாங்கும், அது கப்பலில்தான் போகும். காய்ந்த மிளகாயும் அப்படியே.

விலையைப் பார்ப்போம். மிளகாய் கிலோ 250 ரூபாய், விமானக் கட்டணம் கிலோவுக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு விலையில் பாதிக்கு மேல் கூலிக்கே போனால் வாங்குகிறவர் வேறு ஊர் மிளகாயைத் தேடிப் போய்விடுவார். அதே மிளகாயில் ஐந்து கிலோ சாம்பிள் அனுப்புவதாக இருந்தால் கணக்கே வேறு. அது சீக்கிரம் போய்ச் சேர்ந்தால்தான் ஆர்டர் வரும், அதனால் கூரியரிலோ விமானத்திலோ அனுப்புங்கள். ஒரே சரக்கு சாம்பிளாக இருக்கும்போது விமானத்திலும் ஆர்டராக மாறியபின் கப்பலிலும் போவது வழக்கம்தான்.

பாம்பன்லயும் ராமேஸ்வரத்துலயும் துறைமுகம் இருக்கே. எதுக்கு தூத்துக்குடி வரைக்கும் லாரி பிடிக்கணும்?

இதை என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் அவர்கள் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. 1964 டிசம்பர் புயலோடு அது நின்றது. கீழக்கரை மரக்காயர்களின் கப்பல்கள் அதற்கும் பல நூறு ஆண்டு முன்பே கடல் கடந்தவை. ஆக, கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இன்றைய கன்டெய்னர் கப்பலுக்கு ஆழம் வேண்டும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பாம்பன் கால்வாயில் சிறு கப்பல்களும் படகுகளும்தான் கடக்க முடியும். கன்டெய்னரைத் தூக்கும் கிரேன், குளிர் கன்டெய்னருக்கு மின் இணைப்பு, சுங்க அதிகாரிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சுங்கத்துறை அறிவித்த இடம் வழியாக மட்டுமே ஏற்றுமதிச் சரக்கு நாட்டை விட்டு வெளியேற முடியும். நமக்குப் பக்கத்தில் அப்படி அமைந்த பெரிய இடம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, வேம்பார் வழியாகப் போனால் சுமார் 130 கிலோமீட்டர். மாலத்தீவுக்கு இன்றும் தூத்துக்குடியிலிருந்து தோணிகள் போகின்றன. காய்கறி, கட்டுமானப் பொருள் போன்றவற்றுக்கு அது ஒரு வழி, ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஓட்டம் நின்றுவிடும்.

தொடங்குறதுக்கு முன்னாடி என்னென்ன எடுத்து வைக்கணும்?

முதலில் ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதி எண். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் உண்டு. தயவுசெய்து கொடுக்காதீர்கள். எடுத்த பிறகு ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும், விவரம் எதுவும் மாறாவிட்டாலும் உறுதிசெய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கிவிடும்.

அடுத்து நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி., வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்.யு.டி. பத்திரம், வெளிநாட்டுப் பணத்தைப் பெறும் உங்கள் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏ.டி. கோடு. இந்த ஏ.டி. கோடைச் சுங்கத்துறையின் இணையதளத்தில், சரக்கு போகும் துறைமுகத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். லாரி கேட்டில் நிற்கும்போது ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்கான ஏற்றுமதி விண்ணப்பம், போட முடியவில்லை என்று தெரிந்தால் அன்றைக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.

இவற்றோடு பொருளுக்கேற்ற பதிவும் உண்டு. மிளகாய்க்கு ஸ்பைசஸ் போர்டு, மீன் இனங்களுக்கு கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பெடா, சாப்பிடும் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்பு உரிமம்.

ஃபார்வர்டர், கஸ்டம்ஸ் புரோக்கர், கப்பல் கம்பெனி... மூணு பேரும் ஒருத்தர்தானா?

மூன்றும் தனித்தனி வேலை. கப்பல் கம்பெனிக்குக் கப்பலும் கன்டெய்னரும் சொந்தம். ஃபார்வர்டர் அதில் இடம் பிடித்துத் தருபவர், லாரி முதல் அந்தப் பக்கத் துறைமுகம் வரை ஏற்பாடு செய்பவர். புரோக்கர் உரிமம் பெற்றவர், உங்கள் சார்பில் சுங்கத்தில் ஷிப்பிங் பில் போட்டு ஏற்றுமதி அனுமதி வாங்கித் தருபவர். ஒரே நிறுவனம் இரண்டு வேலையைச் செய்வதும் உண்டு.

விலை கேட்கும்போது ஒரே மொத்தத் தொகையாக வாங்காதீர்கள். கடல் கூலி எவ்வளவு, துறைமுகக் கையாளல் எவ்வளவு, ஆவணக் கட்டணம், லாரி, புரோக்கர் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள். அந்தப் பக்கத் துறைமுகத்தில் வாங்குகிறவரிடம் என்னென்ன வசூலிப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கூலியை இங்கே குறைத்துச் சொல்லி அங்கே வாங்குகிறவரிடம் கூட்டி வசூலிப்பது நடக்கிறது. கெட்ட பெயர் உங்களுக்குத்தான் வரும்.

எங்கிட்ட ஒரு டன் குண்டு மிளகாய்தான் இருக்கு. அதுக்கு ஒரு கன்டெய்னரா?

வேண்டாம். பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து ஏற்றும் முறை இருக்கிறது, எல்.சி.எல். என்பார்கள். சரக்கை தூத்துக்குடியில் உள்ள சரக்குக் கிடங்கில், அதாவது சி.எஃப்.எஸ்.ஸில், ஒப்படைத்தால் அங்கே மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து அடுக்குவார்கள். கட்டணம் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், இதில் எது கூடுதலோ அதற்கு. குண்டு மிளகாய் காற்றடைத்த பொருள், எடைக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு டன் சாக்குகள் நாலு கன மீட்டர் பிடித்தால் நாலுக்குத்தான் பில் வரும். மூட்டையை அளக்காமல் எடையை மட்டும் சொல்லி விலை வாங்கியவர்கள் இங்கேதான் திகைக்கிறார்கள்.

முழு கன்டெய்னர் எடுத்தாலும் இதே சங்கதி வரும். இருபது அடிக் கன்டெய்னருக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம். எடை வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே முழு மிளகாய் அதை நிரப்பிவிடும். பொடியாக அனுப்பினால் கன்டெய்னருக்குக் கூடுதல் டன் கொள்ளும். ஆனால் குண்டு மிளகாயை உருவம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பொடியாக்கி அந்த அடையாளத்தைத் தொலைப்பது எனக்குச் சம்மதமில்லை.

பெட்டி 12 கிலோதான் இருந்துச்சு. விமானக் கம்பெனி 20 கிலோனு பில் போட்டுருக்கு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை, அது பரும எடை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். 60, 50, 40 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 1,20,000 வகுத்தல் 6,000, அதாவது 20 கிலோ. நிஜ எடை, பரும எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். கூரியர் கம்பெனிகள் பல 5,000-ஆல் வகுக்கின்றன, அதனால் அங்கே எடை இன்னும் கூடும்.

இதைச் சமாளிக்க நல்ல வழி பெட்டியில்தான் இருக்கிறது. ஓலைப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் பின்னி அனுப்பும் குழுவுக்கு அதே பெட்டியில் பல மடங்கு சரக்கு போகும். இன்னொன்று, விமானக் கட்டணம் 45, 100, 300, 500 கிலோ என்று படி படியாகக் குறையும். 92 கிலோ இருந்தால் 100 கிலோவாகக் கணக்கிட்டு அந்தப் படியின் விலையைப் போடச் சொல்லிப் பாருங்கள், மொத்தம் குறையலாம். கூலிக்கு மேல் எரிபொருள் கூடுதல் கட்டணம், எக்ஸ்ரே சோதனை, ஏர்வே பில் என்ற விமானச் சரக்கு ரசீதுக்கான கட்டணம் எல்லாம் சேரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மதுரையிலேர்ந்தே போகாதா? சென்னைக்கு ஏன் கொண்டு போகச் சொல்றாங்க?

போகும். மதுரையிலிருந்து கொழும்பு போன்ற சில வெளிநாட்டு நகரங்களுக்கு நேர் விமானம் உண்டு. ஆனால் அவை சிறிய பயணி விமானங்கள். பயணிகளின் பெட்டிகளை ஏற்றியது போக மீதி இடம்தான் சரக்குக்கு. விடுமுறைக் காலத்தில் அந்த இடமும் சுருங்கும். சில நூறு கிலோ, அந்த நகரங்களுக்கே என்றால் மதுரையை முதலில் விசாரியுங்கள். அளவு கூடினாலோ ஐரோப்பா, சீனா என்று தூரம் கூடினாலோ சென்னை, திருச்சி, கொச்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயிர் நண்டுக்கு லாரியில் கூடும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்புதான், அதையும் கூலியில் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

நண்டு, கணவாய், இறால் எல்லாம் எப்படிப் போகுது? நானே நேரா அனுப்பலாமா?

நம் கரையில் நீலக்கால் நண்டு பெரும்பாலும் வேகவைத்துச் சதை பிரித்து, டின்னில் அடைத்துப் போகிறது. மண்டபம், ராமேஸ்வரம், தேவிபட்டினம் பக்கம் பெண்கள் உட்கார்ந்து பிரித்தெடுக்கும் அந்தச் சதைதான். பாஸ்டரைஸ் செய்த டின் உறையக் கூடாது, ஆனால் 0 முதல் 3 டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டும். கணவாயும் இறாலும் மைனஸ் 18 டிகிரியில் உறைந்த நிலையில், குளிர் கன்டெய்னரில் போகின்றன. கன்டெய்னர் சரக்கைக் குளிர்விக்காது, ஏற்கெனவே குளிர்ந்த சரக்கின் குளிரைக் காப்பாற்றும். சரியாக உறையாத சரக்கை உள்ளே வைத்தால் அது வழி முழுக்கக் கெட்டுக்கொண்டே போகும்.

நேராக அனுப்ப, அனுமதி பெற்ற பதப்படுத்தும் ஆலையும் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். ஐரோப்பாவுக்கு என்றால், எந்தப் படகு எங்கே பிடித்தது என்று சொல்லும் கேட்ச் சர்ட்டிஃபிகேட்டும் வேண்டும், அதை எம்பெடா தருகிறது. கடலில் பிடித்த இறாலை 2019 முதல் அமெரிக்கா நம்மிடம் வாங்குவதில்லை, இழுவை வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்பது காரணம். பண்ணை இறாலுக்கு இந்தத் தடை இல்லை. சிறிய வியாபாரி, அனுமதி உள்ள ஆலையில் கூலிக்குப் பதப்படுத்தி, தன் பெயரில் ஏற்றுமதி செய்வது ஒரு நல்ல தொடக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வரும். அந்த மாதங்களுக்குச் சரக்கு தருவதாக வெளிநாட்டில் வாக்குக் கொடுக்கும் முன் குளிர்க்கிடங்கில் இருப்பைப் பாருங்கள்.

விமானத்தில் மீன் அனுப்புவோர் கவனிக்க: தண்ணீர் கசிந்தால் விமானக் கம்பெனி அடுத்த முறை ஏற்றாது. ஐஸ் கட்டிக்குப் பதில் ஜெல் பை, தெர்மோகோல் பெட்டிக்குள் பாலித்தீன் உறை. உலர் பனி வைத்தால் அது ஆபத்தான சரக்குப் பட்டியலில் வரும், முன்கூட்டியே அறிவித்து, பெட்டியில் லேபிள் ஒட்டி எழுத வேண்டும்.

கன்டெய்னர்ல போன மிளகாய் பூசணம் புடிச்சுப் போச்சுன்னு திருப்பிட்டாங்க. மூடின பெட்டிக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு?

தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, மிளகாயோடு உள்ளே போனது. பகலில் வெயிலில் கன்டெய்னர் சூடாகும்போது சரக்கிலிருந்து ஈரம் காற்றுக்கு வரும். இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அது நீர்த்துளியாகி மேல் மூட்டைகளில் சொட்டும். சாக்கு ஈரமானால் பூசணம், பூசணத்தோடு அஃப்ளாடாக்சின் என்ற நச்சு. ஐரோப்பாவில் மிளகாயில் பி1 வகை அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மிகச் சிறிய அளவு அது.

எனவே வேலை களத்திலேயே தொடங்குகிறது. மண்ணில் காயப்போடாமல் தார்ப்பாயிலோ சிமெண்ட் களத்திலோ உலர்த்துங்கள், பத்து, பதினோரு சதவீத ஈரத்துக்குள் வந்தபின் கட்டுங்கள். எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளிப்பதை அடியோடு விடுங்கள். தெளித்த தண்ணீர்தான் கடலில் திரும்பி வருகிறது. ஏற்றும்போது ஈரம் உறிஞ்சும் பைகளைக் கூரையோரம் தொங்கவிட்டு, மேல் அடுக்கின் மீது கிராஃப்ட் காகிதம் விரியுங்கள். கன்டெய்னருக்குள் ஆள் நின்று கதவை மூடச் சொல்லிப் பாருங்கள். எங்கேனும் வெளிச்சம் தெரிந்தால் வேறு கன்டெய்னர் கேளுங்கள். கீழே மரப் பலகை போட்டால் அது சூட்டில் பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும்.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். – எந்த விலை சொன்னா எனக்கு லாபம்?

எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால் கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் உங்களுடையது, கடல் கூலி வாங்குகிறவருடையது. சி.ஐ.எஃப். என்றால் கடல் கூலியும் காப்பீடும் உங்கள் விலைக்குள் வரும். சொந்தமாகக் கப்பல் கூலி பேசிப் பழகாதவர்கள் எஃப்.ஓ.பி.யில் தொடங்குவது நல்லது. சி.ஐ.எஃப். சொல்லிவிட்டு, ஏற்றும் மாதத்தில் கூலி இரட்டிப்பானால் வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

இதில் ஒரு நுணுக்கம். கன்டெய்னர் சரக்கை நீங்கள் ஒப்படைப்பது கிடங்கில், கப்பலில் ஏறுவது சில நாள் கழித்து. எஃப்.ஓ.பி. போட்டிருந்தால் அந்த இடைப்பட்ட நாட்களில் சரக்குக்கு என்ன நேர்ந்தாலும் நஷ்டம் உங்களுக்கு. கன்டெய்னருக்கும் விமானத்துக்கும் எஃப்.சி.ஏ. என்ற நிபந்தனையே பொருத்தம். அதில் ஒப்படைத்ததும் பொறுப்பு மாறிவிடும்.

தூத்துக்குடியில ஏத்தின சரக்கு கொழும்புல கிடக்காம். ஏன் அங்க போச்சு?

தூத்துக்குடியிலிருந்து பல சரக்குகள் சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. இணைப்புக் கப்பல் தவறினால் அடுத்ததற்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்கும். 2023 கடைசியில் தொடங்கிய செங்கடல் தாக்குதல்களுக்குப் பிறகு ஐரோப்பா போகும் கப்பல்கள் பலவும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் பத்து நாளுக்கு மேல் கூடியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கப் புயல்களும் சேர்ந்துகொள்ளும். வாங்குகிறவருக்குத் தேதி சொல்லும்போது ஃபார்வர்டர் சொல்வதற்கு மேல் இரண்டு வாரம் கூட்டிச் சொல்லுங்கள்.

வழியில சரக்கு நனைஞ்சாலோ காணாமப் போனாலோ கப்பல்காரன் முழுசா குடுத்துருவான்ல?

தர மாட்டார். சட்டமே அவர் பொறுப்புக்கு வரம்பு வைத்திருக்கிறது. விமானத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28 முதல் இந்தத் தொகை. கப்பலிலும் வரம்பு உண்டு, அதோடு புயல் போன்ற காரணங்களுக்கு விலக்கும் உண்டு.

எனவே காப்பீடு எடுங்கள். சரக்கு மதிப்பில் 110 சதவீதத்துக்கு எடுப்பது வழக்கம். ‘சி’ வகைப் பாலிசி பெரிய விபத்துகளுக்கு மட்டும், ‘ஏ’ வகை பரந்தது. உறைந்த சரக்குக்குக் குளிர்சாதனம் பழுதாவதையும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைத் தியாகம் செய்தால் அந்த நஷ்டத்தைக் கப்பலில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் பங்கு போட வேண்டும். உங்கள் மூட்டைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பங்கைக் கட்டினால்தான் கொடுப்பார்கள். காப்பீடு இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

துபாய்ல மச்சானுக்குப் பத்து கிலோ கருப்பட்டியும் கருவாடும் அனுப்பணும். இதுக்கும் இவ்வளவு காகிதமா?

சொந்த உபயோகத்துக்கு அனுப்பும் அன்பளிப்புக்குக் கூரியர் போதும். அந்த நாடு கருவாட்டை விடுமா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். விற்பனைக்கு என்றால் சிறிய அளவானாலும் ஏற்றுமதிதான், மூன்றாவது கேள்வியில் சொன்னவை வேண்டும். சிறு பொட்டலங்களுக்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திராவில் விசாரியுங்கள். ஓலைப் பெட்டிக் குழுக்களுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

கடல் அட்டைக்கு நல்ல விலை சொல்றாங்க. காகிதம் மட்டும் சரி பண்ண முடியுமா?

முடியாது, செய்யவும் கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் ஆகியவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியல்களில் உள்ளவை. கடல் அட்டை 2001 முதல் அங்கே இருக்கிறது. சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015 முதல் தடை. வேறு பெயர் போட்டு அனுப்பினால் சிறை. மன்னார் வளைகுடாவில் மிச்சமிருப்பதை விற்க நான் துணை போக மாட்டேன்.

பில் ஆஃப் லேடிங் மூணு ஒரிஜினலையும் அவருக்கே கூரியர் பண்ணிரலாமா? நல்ல மனுசன்தான்.

பணம் முழுவதும் வந்துவிட்டால் அனுப்பலாம். வராதபோது அனுப்பினால் சரக்கைக் கையில் கொடுத்துவிட்டதாகவே பொருள். கப்பலின் பில் ஆஃப் லேடிங் உரிமைப் பத்திரம், அதைக் காட்டுபவருக்குத்தான் சரக்கு. அதனால் வங்கி வழியாக அனுப்புங்கள், பணம் கட்டியதும் வங்கி பத்திரத்தைக் கொடுக்கும்.

விமானத்தில் இந்தப் பிடி கிடையாது. ஏர்வே பில் வெறும் ரசீது, அதில் பெறுநராக யார் பெயர் இருக்கிறதோ அவர் பெற்றுக்கொள்வார். புதிய ஆளுக்கு விமானத்தில் அனுப்பினால் முன்பணம் வாங்குங்கள், அல்லது அவருடைய வங்கியின் ஒப்புதலோடு வங்கியையே பெறுநராகப் போடுங்கள். கடனுக்கு அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீட்டைப் பாருங்கள். மேலே சொன்ன சரக்குக் காப்பீடு பணம் வராததற்கு உதவாது, இது உதவும்.

சரக்கு போய்ச் சேர்ந்தப்புறம் விலை இறங்கிருச்சு, எடுக்க மாட்டேங்கறான். இப்ப என்ன செய்ய?

முதலில் நாளைப் பாருங்கள். இலவச நாட்கள் முடிந்ததும் துறைமுகத்தில் கிடப்பதற்கு ஒரு கட்டணம், கன்டெய்னரைத் திருப்பாததற்கு இன்னொரு கட்டணம் ஓடத் தொடங்கும். குளிர் கன்டெய்னருக்கு மின்சாரமும் சேரும். மூன்று வாரம் யோசித்தால் சரக்கின் விலையையே அது தின்றுவிடும். பாதி விலைக்கு இறங்கச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துதான் பேசுகிறார்கள்.

ஒரிஜினல் பத்திரம் உங்களிடமோ வங்கியிடமோ இருந்தால் வழி இருக்கிறது. அதே நாட்டில் வேறு ஆளைப் பிடித்து அவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், பக்கத்து நாட்டுக்குத் திருப்பலாம். சில நாடுகளில் பழைய வாங்குநர் எழுதிக் கொடுத்தால்தான் பெயர் மாற்ற விடுவார்கள், அதனால் சண்டையிலும் பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கே திருப்பிக் கொண்டுவரலாம், இரு பக்கக் கூலியோடு. மறு இறக்குமதிக்கு, போனபோது போட்ட ஷிப்பிங் பில்லோடு பொருள் ஒத்துப்போக வேண்டும், அரசிடம் வாங்கிய ஊக்கத்தொகையையும் திருப்ப நேரும். பத்திரம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். இ.சி.ஜி.சி. பாலிசி இருந்தால் அவர்களிடம் கேட்காமல் விலையைக் குறைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள், அப்படிச் செய்தால் இழப்பீடு கேட்கும் உரிமை போகலாம்.